பனி வரைபடத்தில் முதலில் நேரத்தைப் பாருங்கள்

மும்பையில் ஒரு கப்பல் நிர்வாக அலுவலகத்தில், துருவப் பகுதிக்குப் போகும் கப்பல்களின் பாசேஜ் பிளானை, அதாவது பயணப் பாதைத் திட்டத்தை, சரிபார்ப்பது என் வேலை. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து பேலாப்பூரில் கப்பல் வேலைக்கான கோர்ஸ் படிக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: “ஆர்க்டிக்லதான் பனி உருகிடுச்சே அண்ணே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பயம்?”

உருகுவது உண்மை. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடல்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. ஆனால் அது மொத்தக் கடலுக்கான கணக்கு, உங்கள் கப்பல் நிற்கும் இடத்துக்கானது இல்லை. 2021 நவம்பரில் ரஷ்யாவின் வடக்குக் கடல்வழி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் உறைந்து, சுமார் இருபது கப்பல்கள் சிக்கின. 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் அகாடமிக் ஷோகால்ஸ்கி மாட்டியபோது, காற்றுதான் பனியைத் தள்ளிக்கொண்டு வந்து கப்பலைச் சுற்றி இறுக்கியது. பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள், சில நாள் கழித்துக் காற்று மாறியதும் கப்பல் வெளியே வந்துவிட்டது.

செய்திகளில் துருவப் பனியைக் காட்டும் வெள்ளைப் படம் பெரும்பாலும் செயற்கைக்கோளின் மைக்ரோவேவ் அளவீட்டிலிருந்து வருகிறது. இருட்டிலும் மேகத்திலும் வேலை செய்யும், நல்ல கருவிதான். ஆனால் அந்தப் படத்தின் வழக்கமான கட்டம் ஒன்று 25 கிலோமீட்டர் அகலம், அதில் 15 சதவீதத்துக்குக் குறைவாகப் பனி இருந்தால் அந்தக் கட்டம் பனிப்பரப்புக் கணக்கிலேயே சேராது. கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீரையும் திறந்த கடலாக எடுத்துக்கொள்ளும். பருவநிலை ஆய்வுக்கு அது போதும், கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் நிற்பவருக்குப் போதாது.

அவருக்கு வேண்டியது ஐஸ் சார்ட், அதாவது பனி வரைபடம். நார்வே, டென்மார்க், கனடா போன்ற நாடுகளின் பனிச் சேவைகளில், செண்டினல்-1 மாதிரியான ராடார் செயற்கைக்கோள் படங்களை வைத்து அனுபவசாலிகள் வரைவது. அதில் முட்டை வடிவக் குறி ஒன்று இருக்கும். மேலே மொத்தப் பனி பத்தில் எத்தனை பங்கு, அதற்குக் கீழே ஒவ்வொரு வகையும் எவ்வளவு, எத்தனை வயது. பலர் மேல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறார்கள், எனக்கு அதுதான் கவலை. 15 சென்டிமீட்டர் இளம் பனியும் பத்தில் நான்கு என்று வரும், உப்பு வடிந்து இறுகிப்போன இரண்டு மீட்டர் பழைய பனியும் பத்தில் நான்கு என்றே வரும். போலாரிஸ் என்ற ஆபத்துக் கணக்கு முறை இந்த வயதையும் கப்பலின் ஐஸ் கிளாஸையும் (பனியைத் தாங்கும் வலிமைத் தரம்) சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிடுகிறது. விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்தப் பாதையை மறுபடி யோசிக்க வேண்டும்.

அடுத்தது நேரம். சார்ட் வெளியான நேரம் இல்லை, அதற்கான படம் எடுத்த நேரம். மிதக்கும் பனி காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 2 சதவீத வேகத்தில் நகரும் என்பது மாலுமிகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) காற்று ஒரு நாள் முழுக்க அடித்தால் பனியின் விளிம்பு 14 கடல் மைல் நகர்ந்திருக்கும். நார்வே சார்ட் வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை வரும். வெள்ளிக்கிழமைச் சார்ட்டை நம்பி ஞாயிறு இரவு பனியோரம் போகிறவர், நடுவில் அடித்த காற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

இவ்வளவும் கையில் வந்து சேர வேண்டுமே. சுமார் 75 டிகிரி அட்சரேகைக்கு மேலே, நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்களின் சிக்னல் நம்பும்படி கிடைக்காது, துருவங்களைக் கடந்து சுற்றும் இரிடியம் போன்ற செயற்கைக்கோள்களின் இணைப்பு தேவை. சாதாரண இரிடியம் இணைப்பில் பெரிய படம் இறங்க மணிக்கணக்காகும். அதனால் கரையில் இருக்கும் நாங்கள் தேவையான பகுதியை மட்டும் வெட்டிச் சின்ன ஃபைலாக அனுப்புகிறோம். எல்லா அலுவலகமும் இதைச் செய்வதில்லை.

கணிப்பு நன்றாக வர, கடலுக்குள்ளேயும் கருவிகள் வேண்டும். நார்வேயின் ஸ்வால்பார்டில், காங்ஸ்ஃபியோர்டன் என்ற கடல் நீட்சியின் நீருக்கடியில் 2014இல் இந்தியா நிறுத்திய இண்டார்க் என்ற ஆய்வு மிதவை, சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைத்தது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-அமெரிக்கச் செயற்கைக்கோள் நிசாரின் ராடாரும் பனியைப் பார்க்கிறது.

துருவக் கடலுக்கு கான்ட்ராக்ட் வந்தால் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: கப்பலின் ஐஸ் கிளாஸ் என்ன, துருவக் கடலில் ஓடுவதற்கான போலார் சர்டிபிகேட் இருக்கிறதா, ஐஸ் சார்ட் எத்தனை மணிக்கு ஒருமுறை, எந்த இணைப்பில் வரும். ஆபீசர்களுக்குப் போலார் கோர்ஸ் 2018 ஜூலையிலிருந்து கட்டாயம். யார் யார் முடித்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.