ஷ்னேவிட்ஷென்: ஒரு பெயருக்குள் இரண்டு ஜெர்மன்

ஏழு குள்ளர்களோடு காட்டில் வாழ்ந்த இளவரசியை நாம் ‘ஸ்னோ ஒயிட்’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அவள் பிறந்த மொழியில் அவள் பெயர் ஷ்னேவிட்ஷென். இதை மூன்றாகப் பிரிக்கலாம். ‘ஷ்னே’ என்றால் பனி, ‘விட்’ என்றால் வெள்ளை. ‘ஷென்’ செல்லமாகச் சுருக்கிக் கூப்பிடும் விகுதி.

நடுவில் இருக்கும் ‘விட்’தான் விஷயம். பள்ளியில் கற்பிக்கும் ஜெர்மனில் வெள்ளைக்குச் சொல் ‘வைஸ்’. ‘விட்’ வட ஜெர்மனியின் சமவெளிப் பேச்சு. அந்த ஊர்க்காரர்கள் அதைப் ‘பிளாட்’ என்பார்கள். மொழியியலில் தாழ்நில ஜெர்மன். இங்கே ‘தாழ்’ என்பது கடலோரச் சமவெளியைத்தான் குறிக்கிறது, தரத்தில் மட்டம் என்று பொருள் இல்லை. தெற்கே மலைப்பக்கத்து மேட்டு ஜெர்மனில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ‘ட்’ ஒலி ‘ஸ்’ ஆகிவிட்டது. வடக்கு மாறவில்லை. தண்ணீர் தெற்கில் ‘வாஸர்’, வடக்கில் ‘வாட்டர்’. ஆங்கிலமும் மாறாத பக்கம் நின்றதால்தான் ‘ஒயிட்’, ‘வாட்டர்’ இரண்டிலும் அந்த ‘ட்’ இன்னும் கேட்கிறது.

இந்த நாட்டுப்புறக் கதையைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட வடிவம் ‘ஸ்னேவிட்ஷென்’. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘ஷ்னேவைஸ்ஷென்’ என்று மேட்டு வடிவத்தையும் கொடுத்தார்கள். முழுக்க வட்டார வழக்கில் சொன்னால் விகுதியும் ‘கென்’ என்று முடிந்திருக்க வேண்டும். அப்புறம் மக்கள் வாயில் ‘ஸ்னே’யும் ‘ஷ்னே’ ஆனது. தலையும் வாலும் மாறின, ‘விட்’ மட்டும் தங்கிவிட்டது. இத்தனைக்கும் மூத்தவர் யாக்கோப் கிரிம்தான் இந்த ஒலிமாற்றங்களை 1822-இல் தன் இலக்கண நூலில் விதியாக வகுத்தவர். அவருக்குத் தெரியாமல் நுழைந்த ‘ட்’ அல்ல அது.

செல்ல விகுதியும் ஊருக்கு ஊர் வேறு. தெற்கு ஜெர்மனியின் ஸ்வாபியாவில் ‘லெ’, சுவிட்சர்லாந்தில் ‘லி’. கிரிம் கதை இன்னொன்றில் வரும் அண்ணன் தங்கை ஹேன்சல், கிரேட்டல் பெயர்களின் கடைசியில் வரும் ‘எல்’லும் இதே வேலையைத்தான் செய்கிறது: ஹான்ஸ் பையன் ஹேன்சல் ஆனான், மார்கரேட்டின் சுருக்கமான கிரேட்ட கிரேட்டல் ஆனாள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘வெண்பனி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது வெள்ளையான பனி. மூலப்பெயரோ பனி போன்ற வெள்ளை. ‘பால்வெள்ளை’ என்பது போலப் ‘பனிவெள்ளை’ என்றால் வரிசை சரியாக வரும். ஆனால் அது நிறத்தின் பெயராக நின்றுவிடுகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் பிள்ளையின் பெயராக இல்லை. நம் கிராமங்களில் வெள்ளைச்சி என்று பெயர் உண்டு, வாயில் அது வெள்ளச்சி. ஆகவே நான் ‘பனிவெள்ளச்சி’ என்பேன். ‘விட்’ போலவே எழுத்துமொழிக்கு நடுவே ஒரு பேச்சு ஒலி இதிலும் இருக்கிறது.

இன்னொன்று. ‘ஷென்’ சேர்ந்த பெயர்ச்சொல் எல்லாம் ஜெர்மனில் அஃறிணை போல நடக்கும்; அதனால் கதை முழுக்க அவள் ‘அது’தான். ‘குழந்தை சிரித்தது’ என்று சொல்லும் நமக்கு இது புதிதல்ல. மூலத்தில் வரும் ஒரு வரியை அப்படியே தமிழில் சொல்லிப் பார்த்தேன்: “பனிவெள்ளச்சிக்கு ஏழு வயசானப்போ, தெளிஞ்ச பகல் மாதிரி அவ்வளவு அழகா இருந்துச்சு.”