அருங்காட்சியகப் பணிக்கு வருவோர் பார்வையாளர் பக்கம் நின்று தொடங்க வேண்டும்

கலைக் கண்காட்சிகளை அமைக்கும் கியூரேட்டராக வேண்டும், அதற்கு எந்தப் பட்டம் படிக்க வேண்டும் என்று கேட்டு இளைஞர்கள் பலர் என்னை அணுகுகிறார்கள். நுண்கலை, வரலாறு, தொல்லியல், இதழியல் என வெவ்வேறு துறைகளிலிருந்து வரும் இவர்களுள் பெரும்பாலோர், கியூரேட்டர் என்பவர் நல்ல படைப்புகளைத் தேர்ந்தெடுத்துச் சுவரில் அழகாக அமைப்பவர் என்றும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் விளக்கம் சொல்லும் வேலை அதற்கு ஒரு படி கீழானது என்றும் நினைக்கிறார்கள். அருங்காட்சியகக் கல்வியிலும் கண்காட்சி அமைப்பிலும் நெடுங்காலமாகப் பணியாற்றி வருபவள் என்ற முறையில் இந்த நினைப்பை நான் உறுதியாக மறுக்கிறேன். பொருளை அறிந்தவர்கள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள்; அந்தப் பொருளுக்கு முன்னால் வந்து நிற்கும் மனிதரையும் சேர்த்து அறிந்தவர்கள்தாம் குறைவு. அந்த அறிவை எந்த வகுப்பறையும் தருவதில்லை. காட்சிக்கூடத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

முதலில் வேலை கிடைக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் (கியூரேட்டரின் அரசுப் பதவிப் பெயர்) பணியிடங்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாக நிரப்பப்படுகின்றன. தொல்லியல், மானிடவியல், விலங்கியல் என அந்தந்தப் பிரிவுக்கேற்ற முதுகலைப் பட்டம் கேட்கப்படும். இடங்கள் குறைவு, அறிவிக்கை எப்போதாவதுதான் வரும். அருங்காட்சியகவியலைத் தனிப் பாடமாகப் படிக்க விரும்புவோருக்குப் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952-இல் தொடங்கப்பட்ட துறை இருக்கிறது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் இப்பாடம் உண்டு. 1989-இல் தில்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனமாகத் தொடங்கி, இப்போது நொய்டாவில் இந்திய மரபு நிறுவனமாக இயங்கும் கல்வி நிலையமும் இதைக் கற்பிக்கிறது. அரசுக்கு வெளியே சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட மரபுக் கலை மையமான தக்‌ஷிணசித்ரா, பெங்களூரில் 2023-இல் திறக்கப்பட்ட கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம், ஈராண்டுக்கு ஒருமுறை நடத்தும் கலைவிழாவாக 2012 முதல் நடைபெற்றுவரும் கொச்சி–முசிறி பினாலே, 2016-இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட பினாலே போன்றவை இத்துறையில் புதிய கதவுகளைத் திறந்திருக்கின்றன. இத்தகைய இடங்களில் புதிதாக வருவோருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் கல்விப் பிரிவின் வேலையோ, பார்வையாளரோடு நின்று பேசும் வேலையோதான். கொச்சியில் கலை விளக்குநர்களாகச் சேரும் மாணவர்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோரின் கேள்விகளை எதிர்கொள்கிறார்கள். அதைத் தற்காலிக வேலை என்று கடந்துவிடாமல், தொழிலின் முதல் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மக்களை வரவழைக்கும் கவலை அருங்காட்சியகங்களுக்குப் புதிதன்று. சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டபோது அதற்குப் பொறுப்பேற்ற எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள விலங்குகள் இருந்தால் கூட்டம் பெருகுவதைக் கவனித்து, வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். அந்த உத்தி பலித்தது. ஆயினும் கூட்டம் வருவது வேறு, வந்தவர் எதையாவது கண்டுகொண்டு திரும்புவது வேறு. முதலாவதை விளம்பரத்தாலும் விழாக்களாலும் செய்துவிடலாம். இரண்டாவதுதான் நம் தொழில்.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில், திருவெண்காட்டு மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த இடபவாகனரின், அதாவது காளையை ஊர்தியாகக் கொண்ட சிவனின், செப்புத் திருமேனி இருக்கிறது. ராஜராஜன் காலத்தில், 1011-இல் செய்தளிக்கப்பட்டது. துணையான உமையின் திருமேனி அடுத்த ஆண்டில் வந்தது. சிவன் ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்து, ஒரு கையை மடக்கி எதன் மீதோ சாய்த்தபடி, சடையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். கை சாய்ந்திருக்க வேண்டிய காளை இல்லை. சோழர் செப்புத் திருமேனிகளிலேயே தலைசிறந்தவற்றுள் ஒன்று என்று அறிஞர்கள் போற்றும் இதற்கு, அருகில் வைப்பதற்காக நம் வழக்கப்படி ஒரு குறிப்பு எழுதினால் பெயர், உலோகம், நூற்றாண்டு, கிடைத்த ஊர் என்ற நான்கு செய்திகளோடு முடித்துவிடுவோம். அவற்றில் ஒன்றுகூடப் பார்வையாளரின் கண்ணைச் சிலையின் பக்கம் திருப்புவதில்லை. படித்து முடித்தவர் அடுத்த பேழைக்கு நகர்ந்துவிடுவார்.

இதையே நான் இப்படி எழுதச் சொல்வேன்: “இவருடைய கை எதன் மீது சாய்ந்திருக்கிறது? அங்கே ஒரு காளை நின்றிருந்தது, அது கிடைக்கவில்லை. காளையின் மீது கையை வைத்து, கால் மாற்றி நிற்கும் இந்தச் சிவனை 1011-இல் திருவெண்காட்டுக் கோயிலுக்குச் செய்தளித்தார்கள். உமை அடுத்த ஆண்டு வந்தவர். சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றியிருக்கிறார். அதில் பாம்புகளைத் தேடிப் பாருங்கள்.” பெயரும் உலோகமும் பதிவு எண்ணும் சிறிய எழுத்தில் கீழே இருக்கட்டும். இத்தகைய குறிப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினால் என்ன நடக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். யாரோ ஒரு பிள்ளை தானும் கால் மாற்றி நின்று, இல்லாத காளையின் மீது கையை வைத்துப் பார்க்கும். கை அந்தரத்தில் நிற்காது, தோள் வலிக்கும். அந்தத் திருமேனியின் தோளும் மணிக்கட்டும் எவ்வளவு இலகுவாகத் தளர்ந்திருக்கின்றன, இல்லாத ஒன்றின் பாரத்தைச் சிற்பி எப்படி இருப்பதாகக் காட்டியிருக்கிறார் என்பது அப்போது அதற்கு உடம்பாலேயே விளங்கிவிடும். அதன் பிறகு சோழர் கலையைப் பற்றி நீங்கள் எதைச் சொன்னாலும் அந்தப் பிள்ளை கேட்கும்.

குறிப்பு எழுதுவது இத்தொழிலின் மையமான திறன் என்று நான் கருதுவதால் இன்னும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. நின்றுகொண்டு படிப்பவர் ஐம்பது அறுபது சொற்களுக்கு மேல் படிக்கமாட்டார். ஆகவே, ஆய்வேட்டில் பத்துப் பக்கம் எழுதியவருக்கு இந்தச் சொல் வரம்பு ஒரு கடுமையான பயிற்சி. தமிழ்க் குறிப்பைத் தமிழிலேயே முதலில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி ஒப்புதல் வாங்கி, கண்காட்சி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் அவசரமாக மொழிபெயர்க்கத் தருவது பல இடங்களில் இன்றும் நடைமுறையாக இருக்கிறது. அதன் விளைவாகத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு, அதாவது வருபவர்களில் பெரும்பாலோருக்கு, இரண்டாம் கையாகவே செய்தி போய்ச் சேருகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். எழுதியதைக் காட்சிக்கூடத்தில் காவல் பணி செய்பவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மக்கள் எதைக் கேட்கிறார்கள், எங்கே தயங்கி நிற்கிறார்கள், எந்தப் பேழையைத் திரும்பிப் பார்க்காமல் கடக்கிறார்கள் என்பதை எந்த அதிகாரியையும்விட அவரே நன்கறிவார்.

வருபவர்கள் கேட்கும் கேள்விகளை எளிமையானவை என்று ஒதுக்கிவிடக் கூடாது. செப்புத் திருமேனிகள் இருக்கும் எந்தக் கூடத்திலும் கைகூப்பி நிற்பவர்களைக் காணலாம்; அவர்கள் பலரும் முதலில் கேட்பது “இது எந்த ஊர்ச் சாமி?” என்பதுதான். புதிதாகச் சேர்ந்த விளக்குநர்கள் இதைக் கேட்டுப் புன்னகைத்துவிட்டு, உருவத்தின் இலக்கணத்தையும் சிற்பத்தின் கலைப்பாணியையும் விளக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் கியூரேட்டர் ஒருவர் எந்தப் பொருளைப் பற்றியும் கேட்க வேண்டிய மிகக் கடினமான கேள்வி அதுவேதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் காட்டிய ஆவணங்கள் போலியானவை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களில் எடுத்துவைத்திருந்த ஒளிப்படங்கள் அந்தத் திருமேனி எங்கிருந்து போனது என்பதை உறுதிசெய்ய உதவின. 2014-இல் அது இந்தியாவிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. பொருள் வல்லுநர்கள் நிறைந்த ஒரு நிறுவனம், ஒரு கிராமத்துப் பக்தர் கேட்கும் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டிருந்தால் அந்தக் கொள்முதல் நடந்திருக்காது.

ஆகவே, இத்துறைக்கு வருபவர் பொருளின் உடைமை வரலாற்றைத் தேடும் முறையையும் சட்டத்தையும் கட்டாயம் படித்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களும் ஓவியங்களும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட முக்கியக் கையெழுத்துப் படிகளும் தொல்பொருள்களாகும். அரசின் அனுமதியின்றி அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. தனியார் தொகுப்பிலிருந்து கண்காட்சிக்கு ஒரு பொருளை இரவல் வாங்கும்போது பதிவுச் சான்று இருக்கிறதா, எந்த ஆண்டு யாரிடமிருந்து வந்தது, இடைப்பட்ட காலத்தில் விவரம் தெரியாத இடைவெளி ஏதும் உண்டா என்று எழுத்து வடிவில் கேட்க வேண்டும். கேட்பது சங்கடமாக இருந்தால் சங்கடப்பட்டுக்கொண்டே கேளுங்கள். விடை கிடைத்தால் அதைப் பொதுமக்கள் படிக்கும் குறிப்பிலும் சேர்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்களில் ஒரு பகுதி ஏன் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் மறுபகுதி ஏன் லண்டனிலும் இருக்கின்றன என்பதை அவற்றின் அருகிலேயே சொன்னால், பார்வையாளர் அந்தச் சுண்ணாம்புக் கல்லை வேறு கண்ணோடு பார்ப்பார்.

பொருள்கள் சிதையாமல் பேணும் பாதுகாப்புப் பிரிவினரோடும் பார்வையாளர் பணியாளருக்கு நெருங்கிய தொடர்பு வேண்டும். தாளில் தீட்டிய ஓவியங்களுக்கும் துணிகளுக்கும் ஒளி 50 லக்ஸ் (ஒளிச்செறிவை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதால் கூடம் மங்கலாக இருக்கும், “மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறீர்களா?” என்று மக்கள் கேட்பார்கள். காரணத்தை வாசலிலேயே இரண்டு வரியில் எழுதிவைத்தால் அவர்களே அதற்குக் காவலாகிவிடுகிறார்கள்.

பள்ளிக் குழுக்களைப் பொறுத்தவரை, ஒரே வரிசையில் எல்லாக் கூடங்களையும் நடத்திக்கொண்டுபோய் வெளியே விடும் வழக்கத்தை நாம் கைவிட்டாக வேண்டும். மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியருக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பி, பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துப் பேசினால் போதும். பார்வையற்றோருக்காகத் தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015-இல் தொட்டுணரும் பிரதிகளைக் கொண்ட ‘அனுபவ்’ என்ற கூடத்தைத் திறந்தது. அவ்வளவு பெரிய செலவுக்கு வழியில்லாத மாவட்ட அருங்காட்சியகத்திலும் ஒரு கல்லுளியையும் ஒரு மெழுகு வார்ப்பு மாதிரியையும் மேசை மீது வைத்துத் தொடவிட முடியும். 2022 ஆகஸ்டில் பிராகில் கூடிய பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் ஏற்றுக்கொண்ட புதிய வரையறை, அனைவரும் அணுகத்தக்க, அனைவரையும் உள்ளடக்கிய இடமாக அருங்காட்சியகத்தைச் சொல்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இல்லாத கூடத்தில் அமைக்கும் கண்காட்சிக்கு அந்த வரையறையை மேற்கோள் காட்டுவது பொருந்தாது.

ஊதியத்தைப் பற்றிப் பேசாமல் இளைஞர்களை இத்துறைக்கு அழைப்பது நேர்மையாகாது. தனியார் அமைப்புகளில் பெரும்பாலானவை கண்காட்சிக் காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் தருகின்றன. பயிற்சி என்ற பெயரில் மாதக்கணக்கில் ஊதியமில்லாமல் வேலை வாங்குவோரும் இருக்கிறார்கள். வீட்டில் வசதி உள்ளவர் மட்டுமே அதைத் தாங்க முடியும் என்பதால், யார் கியூரேட்டர் ஆகிறார்கள் என்பதையே இந்த வழக்கம் தீர்மானித்துவிடுகிறது. கிராமத்திலிருந்து கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிக்கு வந்து படித்த ஒரு மாணவி இதனாலேயே வெளியே நின்றுவிடக் கூடாது. பணியில் சேருமுன் ஊதியம், பணி நேரம், போக்குவரத்துச் செலவு, காட்சி அமைக்கும் இரவுகளில் தங்குமிடம், எழுதிய குறிப்புகளுக்குப் பெயர் போடப்படுமா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய சுவர்ப் பலகை வேறொருவர் பெயரில் தொகுப்பு நூலில் வருவது இத்துறையில் நடக்காத ஒன்றல்ல.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பலரும் தாம் சென்று பார்த்த கண்காட்சிகளின் பட்டியலை அனுப்புகிறார்கள். தேர்வுக் குழுவில் அமரும்போது நான் வேறொன்றைத் தேடுகிறேன். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். காப்பாட்சியரிடம் அனுமதி பெற்று ஒரு பிற்பகல் முழுவதும் அதன் அருகில் நின்று, யார் நின்றார்கள், எவ்வளவு நேரம், என்ன பேசிக்கொண்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுதி, அதே இடத்தில் சிலரிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் தடுமாறிய இடங்களைத் திருத்தி மீண்டும் எழுதுங்கள். முதல் வடிவம், திருத்திய வடிவம், இரண்டுக்கும் நடுவில் மக்கள் சொன்னவை ஆகிய மூன்றையும் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள். பட்டச் சான்றிதழ்களைப் புரட்டுவதற்கு முன் அந்தப் பக்கங்களைத்தான் நான் படிப்பேன்.