தூள் கழுவாது: டிரை ஷாம்பூவும் நம் தலைத்தோலும்

சென்ற கச்சான் காலத்தில், அந்தச் சூட்டுக் காற்று வீசும் மாதங்களில், ஒரு சனிக்கிழமை, கிண்ணியாவில் இருந்து ஓர் இளம்பெண் தன் உம்மாவுடன் என் கிளினிக்குக்கு வந்தார். "இவளுடைய பொடுகு எந்த ஷாம்பூவுக்கும் கேட்கவில்லை, டொக்டர். மூன்று வகை மாற்றிப் பார்த்துவிட்டோம்" என்றார் உம்மா. மகள் முக்காட்டைத் தளர்த்தித் தலையைக் குனிந்தார். வகிட்டின் இரு பக்கமும் வெள்ளை படிந்திருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் யாரும் பொடுகு என்றுதான் சொல்வார்கள்.

விரலால் தொட்டபோது எனக்குச் சந்தேகம் வந்தது. பொடுகு செதிலாக உதிரும். இது பிசைந்த மாவைப் போல விரலில் ஒட்டியது. கொஞ்சம் சுரண்டி, ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு அயடின் விட்டேன். மஞ்சள் கபிலமாக விழுந்த சொட்டு, அந்த வெள்ளையைத் தொட்ட இடத்தில் கருநீலமாக மாறியது. "மகள், பள்ளிக்கூடத்தில் இதைச் செய்து பார்த்திருப்பீர்களே. இது என்ன?" என்று கேட்டேன். தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "மாப்பொருள், டொக்டர்."

லண்டனில் இருந்து வந்த மாமி கொடுத்த டிரை ஷாம்பூ அது. வாரத்தில் நான்கு நாள் அடித்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். தலை முழுகியது ஒன்பது, பத்து நாளுக்கு ஒரு தடவை. "அதுவும் ஷாம்பூதானே என்று நினைத்தேன்" என்றார். பிழை அவருடையது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரே அப்படித்தான் நினைக்கச் சொல்கிறது.

டிரை ஷாம்பூ எதையும் கழுவுவதில்லை. டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் அரிசி அல்லது மரவள்ளி மாப்பொருள், சிலவற்றில் சிலிக்கா, விரைவில் காய்வதற்கு அல்கஹோல், வெளியே தள்ளுவதற்கு வாயு, வாசனை. மா எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் முடி பிசுபிசுப்பின்றி, கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிகிறது. ஆனால் எண்ணெய் எங்கும் போகவில்லை. மாவோடு சேர்ந்து அங்கேயே இருக்கிறது. உண்மையான ஷாம்பூ எண்ணெயைப் பிடித்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். இது பிடித்து வைத்துக்கொள்ளும்.

நம் எல்லோருடைய தலைத்தோலிலும் மலசீசியா என்ற நுண்ணிய பூஞ்சை குடியிருக்கிறது. அதன் உணவு தலைத்தோல் சுரக்கும் எண்ணெய். அந்த எண்ணெயை உடைத்து உண்ணும்போது அது விட்டுவைக்கும் கொழுப்பமிலங்கள் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அப்போதுதான் அரிப்பும் சிவப்பும் செதிலும் வருகின்றன. நாள்கணக்கில் முழுகாமல் தூளை மேலும் மேலும் அடிப்பவர், பூஞ்சையின் சோற்றை அகற்றவில்லை, பிசைந்து வைக்கிறார். இந்தப் பெண்ணுக்கும் மாவுக்கு அடியில் உண்மையான பொடுகும் இருந்தது. பிடரியில் இரண்டு மயிர்க்கால்கள் சீழ் கட்டியிருந்தன. அதற்கு மேல் நம்முடைய வியர்வை. திருகோணமலையில் கச்சான் அடிக்கும் மாதங்களில் நடுப்பகலில் பஸ்ஸில் நின்று வந்தவரின் தலையில் எந்தத் தூளும் தூளாக இருக்காது. பசையாகிவிடும்.

ஏன் முழுகவில்லை என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குச் சோம்பலைப் பதிலாகச் சொன்னவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு. அவர் உம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முழுகும்போது முடி கைநிறைய வருகிறது, டொக்டர். பார்க்கவே பயமாக இருக்கிறது."

இந்தப் பயத்தை நான் கிழமைதோறும் கேட்கிறேன். நம் தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடிகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. அவை தங்கள் காலம் முடிந்து, வேரில் இருந்து ஏற்கெனவே விடுபட்ட முடிகள். நாள்தோறும் நன்றாகச் சீவுபவருக்கும் அடிக்கடி முழுகுபவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், கண்ணில் படாது. கொண்டை போட்டு, முக்காட்டுக்குள் அல்லது ஹெல்மெட்டுக்குள் வைத்து, பத்து நாள் தண்ணீர் படாமல் விட்டால் அவை மற்ற முடிகளுக்குள் சிக்கிக் கிடக்கும். நாளுக்கு 80 என்று வைத்தாலும் பத்து நாளில் 800. பாதி சீப்போடு போயிருந்தாலும் மீதி 400 முடி ஒரே முழுக்கில் வரும். நீளமான முடி 400 ஒன்றாகத் திரண்டால் ஒரு சின்ன எலி அளவு இருக்கும். அதைக் குளியலறை வாசலில் பார்க்கும் பிள்ளை என்ன செய்வாள்? அடுத்த முழுக்கை இன்னும் மூன்று நாள் தள்ளிப்போடுவாள். அடுத்த தடவை இன்னும் பெரிய உருண்டை வரும். பயம் பயத்தை வளர்க்கிறது. நடுவில் தூள் டின் காலியாகிறது.

முழுகுவதால் முடி உதிர்வதில்லை. ஏற்கெனவே உதிர்ந்தது வெளியே வருகிறது. இதை நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மகளைவிட உம்மாதான் அந்தத் தாளை நீண்ட நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு காரணங்களும் சொல்கிறார்கள். மாரியில் தலை காயாது, தடிமன் பிடிக்கும் என்கிறார்கள். தடிமன் வைரஸால் வருவது. ஈரத் தலையால் அல்ல. ஆனால் இடுப்புவரை முடி உள்ளவருக்கு மழை நாளில் அது காய நான்கு மணி நேரம் ஆகும் என்பது உண்மையான சிரமம். அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். கரையோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் உவர். சவர்க்காரம் போட்டு முழுகினால் முடி நார் போலாகிவிடும். அங்கே சவர்க்காரத்தை விட்டு ஷாம்பூவுக்கு மாறுவதும், கடைசியாக இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுவதும் போதும். இந்தச் சூட்டிலும் வியர்வையிலும், எண்ணெய்ப் பசையுள்ள தலைக்கு வாரத்தில் மூன்று முழுக்காவது வேண்டும் என்பது என் கருத்து. வறண்ட, சுருட்டை முடிக்கு அதைவிடக் குறைவாகப் போதும்.

அப்படியானால் டிரை ஷாம்பூவைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். கை முறிந்து கட்டுப் போட்டிருப்பவர், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், இரவுக் கடமை முடித்து நேரே ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய தாதி: இவர்களுக்கு அது நல்ல உதவி. நொந்துபோன ஒருவருக்குத் தலை பிசுபிசுக்காமல் இருப்பதே பெரிய ஆறுதல் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முழுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அதற்குள் தண்ணீர் படவேண்டும்.

போடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். தலை காய்ந்திருக்க வேண்டும். வியர்த்த தலையிலோ நிலாவெளியில் கடல் குளித்து வந்த உப்புத் தலையிலோ போடக்கூடாது. டின்னைக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, எண்ணெய் இருக்கும் மயிர்க்கால் பக்கம் மட்டும் சில நொடிகள் அடித்தால் போதும். தோலோடு ஒட்டிப் பிடித்தால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். அந்தக் குளிர்வாயு தோலையும் எரிக்கும். இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு விரலால் உதறி, தலையைக் குனிந்து நன்றாகச் சீவி வெளியேற்றுங்கள். எண்ணெய் குடித்த மாவைத் தலையில் இருந்து இறக்குவது இந்தக் கடைசி வேலைதான். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டின்னைத் தள்ளும் வாயு பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும். குசினியில் சிலிண்டரில் இருப்பதும் அதே இரண்டும்தான். ஆகவே சாமி விளக்குக்கு முன்னால், காஸ் அடுப்புக்குப் பக்கத்தில், முடியை நேராக்கும் சூட்டுக்கருவியை ஒரு கையில் வைத்துக்கொண்டு இதை அடிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முட்டு உள்ளவர்கள், அதாவது ஆஸ்துமாக்காரர்கள், ஸ்பிரேயைத் தவிர்த்துத் தூளாக வரும் வகையைக் கையால் மெல்லத் தடவுவது நல்லது. 50 பாகை செல்சியஸுக்கு மேல் வைக்கக்கூடாது என்று டின்னில் எழுதியிருக்கும். மதிய வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வெளிநாட்டுப் பெட்டியில் வந்து அலுமாரியில் கிடக்கும் பழைய டின்களையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 2022 ஒக்டோபரில் யூனிலீவர் நிறுவனம், 2021 ஒக்டோபருக்கு முன் தயாரித்து அமெரிக்காவில் விற்ற டவ், ட்ரெஸமே உட்பட்ட சில ஸ்பிரே டிரை ஷாம்பூக்களைத் திரும்பப் பெற்றது. பென்சீன் கலந்திருக்கலாம் என்பதே காரணம். அது தள்ளும் வாயுவில் இருந்து வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் புரொக்டர் அண்ட் காம்பிள் நிறுவனமும் இதே காரணத்துக்காகச் சில ஸ்பிரேக்களைத் திரும்பப் பெற்றிருந்தது. நீண்ட காலம் அதிகமாக உடலில் சேரும் பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கண்டறியப்பட்ட அளவு தீங்கு செய்யும் என்று தாங்கள் எதிர்பார்க்கவில்லை என்றே நிறுவனங்கள் கூறின. இருந்தாலும் அத்தனை பழைய டின்னை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்?

ஸ்பிரேக்குப் பதிலாக வீட்டில் எதையாவது போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அப்பச்சோடா வேண்டாம், அது காரம், தலைத்தோலோ சற்று அமிலத் தன்மை உள்ளது. குழந்தைகளின் டல்கம் பவுடரும் வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. சலித்த சோள மா ஒரு சிட்டிகை அவசரத்துக்கு உதவும். அதையும் சீவி இறக்க வேண்டும்.

அந்தக் கிண்ணியாப் பெண்ணுக்கு 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பூ எழுதினேன். வாரத்தில் இரண்டு நாள், நுரையை ஐந்து நிமிடம் தலையில் விட்டுக் கழுவ வேண்டும், நான்கு வாரம். மற்ற முழுக்குகளுக்கு அவருடைய வழக்கமான ஷாம்பூ. முதல் இரண்டு வாரம் முடி நிறைய வரும், எண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது வகிடு தெளிவாக இருந்தது. "இப்போது பத்துப் பதினைந்து முடிதான் வருகிறது, டொக்டர்" என்றார். எண்ணியிருக்கிறார்.

வட்டவட்டமாக முடி கொட்டினாலோ, சீழும் வலியும் இருந்தாலோ, நான்கு வாரத்திலும் அரிப்பு அடங்காவிட்டாலோ வைத்தியரிடம் வாருங்கள். ஆனால் வரும் அன்று தலையை அழகாக்குவதற்காகத் தூள் அடித்துக்கொண்டு வராதீர்கள். எண்ணெயும் பூச வேண்டாம். இருக்கிறபடியே வாருங்கள், அந்த டின்னையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.