ஆர்எஸ்ஏ கணக்கை யார் போடுவது?

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வருமான வரி, ஜிஎஸ்டி எல்லாவற்றுக்கும் யூஎஸ்பி டோக்கனைச் செருகித்தான் டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறோம். டோக்கனுக்குள் இருக்கும் சாவியைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணவே முடியாது என்கிறார்கள். சாவி வராமல் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம் எப்படிக் கையெழுத்துப் போடுகிறது?"

புரோகிராம் போடுவதில்லை. போட்டுத் தரும்படி டோக்கனைக் கேட்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு அமைப்பு இருக்கிறது. என்ன கணக்கு போட வேண்டும் என்பதையும் அதை யார், எந்த வழியில் போடுவது என்பதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் டோக்கனோடு வரும் மென்பொருள் எதுவாக இருந்தாலும் ஏற்பாடு ஏறக்குறைய இதேதான். நான் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியை (என்கிரிப்ஷன், டிஜிட்டல் கையெழுத்து வேலைகளுக்காக மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது, யாரும் படிக்கலாம்.

ஆர்எஸ்ஏ என்பது இந்த மாதிரிக் கையெழுத்துக்கும் தகவலைப் பூட்டுவதற்கும் பயன்படும் கணக்கு முறை. 1977-இல் எம்ஐடியில் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் கொண்டுவந்தது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணை ஊருக்கே சொல்லலாம், பகா எண்களை மட்டும் வெளியே விடக் கூடாது. பொதுச் சாவியில் ஒரு அடுக்கு, ரகசியச் சாவியில் இன்னொரு அடுக்கு. பூட்டுவது, திறப்பது, கையெழுத்து, சரிபார்ப்பு எல்லாமே ஒரு எண்ணை அடுக்குக்கு உயர்த்தி, வகுத்து, மீதியை எடுப்பதுதான்.

ஓபன்எஸ்எஸ்எல்லில் ஒவ்வொரு ஆர்எஸ்ஏ சாவியும் தன்னோடு ஒரு சிறிய அட்டவணையைச் சுமந்துகொண்டிருந்தது. பொதுச் சாவியால் பூட்ட எந்த ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டு), ரகசியச் சாவியால் திறக்க எந்த ஃபங்ஷன், அடுக்கு கணக்கிட எது என்று வரிசையாக முகவரிகள். புரோகிராம் "இதைத் திற" என்று சொன்னதும் லைப்ரரி தானாக எதையும் கணக்கிடாது, அந்தச் சாவியின் அட்டவணையைப் பார்த்து அங்கே எழுதியிருக்கும் ஃபங்ஷனிடம் வேலையைக் கொடுத்துவிடும். சாவி ஃபைலில் இருந்தால் அது லைப்ரரியின் சொந்த ஃபங்ஷன். டோக்கனில் இருந்தால் அந்த இடத்தில் டோக்கன் தயாரித்தவரின் ஃபங்ஷன் இருக்கும். பகா எண்களும் ரகசிய அடுக்கும் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கும், பொது எண்ணும் "டோக்கனில் உள்ள இன்ன சாவி" என்ற குறிப்பும் மட்டும்தான். தரவு யூஎஸ்பி வழியாக உள்ளே போகிறது, சிப் கணக்கிடுகிறது, விடை வெளியே வருகிறது. மேலே ஓடும் புரோகிராமுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

இப்படி ஆள் மாற்றிக்கொள்ளும் வசதி ஆரம்பத்தில் பயன்பட்ட ஒரு இடம் சட்டச் சிக்கல் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆர்எஸ்ஏ மேல் அமெரிக்காவில் மட்டும் காப்புரிமை இருந்தது, 2000 செப்டம்பர் வரை. அதனால் அங்கே இருந்தவர்கள், அந்தக் காப்புரிமையின் உரிமத்தை வைத்திருந்த நிறுவனமே வணிகமல்லாத பயன்பாட்டுக்குத் தந்த ஆர்எஸ்ஏரெஃப் என்ற நிரலைச் சேர்த்து ஓபன்எஸ்எஸ்எல்லைக் கட்டிக்கொள்ள முடிந்தது. மற்ற நாட்டவர்கள் லைப்ரரியின் சொந்த நிரலையே ஓட்டினார்கள். அதே கணக்கு, அதே விடை, சட்டத்துக்காக இரண்டு வழி. சட்டப்படி சரியான அந்த வழியில்தான் 1999-இல் மெமரி எல்லை மீறும் ஓட்டை ஒன்று வெளியானது!

அப்புறம் வந்தவை சுருக்கமாக: வேகத்துக்கான தனி அட்டைகளையும் டோக்கன்களையும் இணைக்க 'எஞ்சின்' என்ற ஏற்பாடு 2002 கடைசியில் வந்த 0.9.7 பதிப்போடு சேர்ந்தது. 2021 செப்டம்பரில் வந்த 3.0-இல் அதற்கு ஓய்வு கொடுக்கும் வேலையைத் தொடங்கி, 'புரவைடர்' என்று புது அமைப்பைக் கொண்டுவந்தார்கள். இதில் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, தகுதியைச் சொன்னால் போதும். அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் என்ற பாதுகாப்புத் தரச் சான்று உள்ளதைத்தான் கொடு என்று கண்டிப்பாகக் கேட்கலாம், அல்லது முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் "இருந்தால் கொடு, இல்லாவிட்டால் பரவாயில்லை" என்று பொருள்.

சரி, லைப்ரரியே கணக்கு போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளும் பல வழிகள் உண்டு. என்னை மயக்குவது இந்த இடம்தான், பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

பகா எண்கள் 11, 13. பெருக்கினால் 143. பொது அடுக்கு 7, ரகசிய அடுக்கு 103. நம்மிடம் வந்திருக்கும் பூட்டிய எண் 41. நேர்வழி என்றால் 41-ஐ 103 முறை தன்னோடு பெருக்கி 143-ஆல் வகுத்த மீதி வேண்டும். (நிஜத்தில் வர்க்கம் எடுத்து எடுத்துக் குறைப்பார்கள், இருந்தாலும் பெரிய வேலைதான்.)

குறுக்குவழி: 11-க்கும் 13-க்கும் தனித்தனியாகப் போடுங்கள். 41-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 8. அடுக்கும் குறைகிறது, 103-ஐ 10-ஆல் வகுத்த மீதி 3 போதும். 8-இன் மூன்றாம் அடுக்கு 512, அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. அந்தப் பக்கம் 41-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 2, அடுக்கு 103-ஐ 12-ஆல் வகுத்த மீதி 7. 2-இன் ஏழாம் அடுக்கு 128, 13-ஆல் வகுத்தால் மீதி 11. இப்போது 143-க்குள் எந்த எண்ணை 11-ஆல் வகுத்தால் 6-ம், 13-ஆல் வகுத்தால் 11-ம் மிஞ்சும்? 50. ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும், அதுதான் விடை.

இது சீன மீதித் தேற்றம். இப்படி மீதிகளை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்கும் கணக்குக்கு நம் பக்கமும் ஆரியபட்டர் 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குட்டகம் என்ற அழகான முறையைத் தந்திருக்கிறார். அதில் நியாயமாகப் பெருமைப்படலாம், ஆனால் அதை வைத்து என்கிரிப்ஷனே அப்போது இருந்தது என்று பகிரப்படும் செய்திகளை நம்பாதீர்கள். ஆரியபட்டரின் கணிதம் தன்னளவிலேயே பெரியது, அதற்கு இல்லாத கதை தேவையில்லை.

2048 பிட் சாவியில் இந்தக் குறுக்குவழி இரண்டு 1024 பிட் கணக்காகப் பிரிகிறது. எண்ணின் நீளம் பாதியானால் ஒரு பெருக்கலின் வேலை கால் பங்காகிறது, அடுக்கும் பாதி என்பதால் பெருக்கல்களின் எண்ணிக்கையும் பாதி. ஆக ஒவ்வொரு பக்கமும் எட்டில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து நாலில் ஒரு பங்கு. நான்கு மடங்கு வேகம் சும்மா கிடைக்கிறது.

சும்மா என்று சொன்னது தப்பு, விலை உண்டு. மின்சாரத் தடுமாற்றத்தாலோ பழுதான சிப்பாலோ 13 பக்கம் மட்டும் 11-க்குப் பதில் 5 என்று தப்பாக வந்துவிட்டது என்று வையுங்கள். 6, 5 இரண்டையும் இணைத்தால் 83. கையெழுத்துக்கும் இதே கணக்குதான் என்பதால், 41-க்கு நீங்கள் போட்ட கையெழுத்து என்று 83 வெளியே போகிறது. அதைப் பெற்றவர் பொதுச் சாவியால் சரிபார்க்கிறார்: 83-இன் ஏழாம் அடுக்கை 143-ஆல் வகுத்தால் மீதி 8. வர வேண்டியது 41. வித்தியாசம் 33. இந்த 33-க்கும் 143-க்கும் மீ.பொ.வ. எடுத்துப் பாருங்கள், 11! உங்கள் ரகசியப் பகா எண் வெளியே வந்துவிட்டது, அதுவும் எட்டாம் வகுப்புக் கணக்கால். ஒரே ஒரு தப்பான கையெழுத்து போதும். 1990-களின் நடுவில் போனே, டிமில்லோ, லிப்டன் மூவரும் இந்த வகைத் தாக்குதலைச் சொன்னபோது சிப் கார்டு உலகமே ஆடிப்போனது.

அதனால் ஓபன்எஸ்எஸ்எல் குறுக்குவழியில் வந்த விடையை அப்படியே வெளியே விடுவதில்லை. பொது அடுக்கால் ஒருமுறை சரிபார்க்கிறது. அது பெரும்பாலும் 65537 என்ற சிறிய எண் என்பதால் செலவு குறைவு. ஒத்துவரவில்லை என்றால் அந்த விடையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேர்வழியில், மெதுவாக, முழு அடுக்கோடு மறுபடி கணக்கிடுகிறது. தப்பு நடந்த பிறகும் வழி மாற்றிச் சரியாகப் போய்ச் சேருகிறது பாருங்கள், அந்த நாலைந்து வரி நிரல் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இதற்கும் கீழே இன்னொரு தேர்வு இருக்கிறது, அது சிப்பைப் பொறுத்தது. லைப்ரரி தொடங்கும்போதே ப்ராசசரிடம் உனக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும் என்று கேட்டு வைத்துக்கொள்ளும். ஏவிஎக்ஸ்-512 ஐஎஃப்எம்ஏ என்ற, பல பெருக்கல்களை ஒன்றாகச் செய்யும் கட்டளைகள் தெரிந்த புதிய இன்டெல் சிப் என்றால் எண்ணை 52 பிட் துண்டுகளாக வெட்டி, ஒரே கட்டளையில் பல துண்டுகளைப் பெருக்கி, இரண்டு 1024 பிட் கணக்குகளையும் சேர்த்தே ஓட்டும். 2022 ஜூனில் வந்த 3.0.4 பதிப்பில் இந்த ஒரு வழியில் மட்டும் ஒரு பிழை. கடைசிக் கழித்தலைச் செய்யும் ஃபங்ஷன், எண்ணில் எத்தனை 64 பிட் சொற்கள் என்று எதிர்பார்த்தது, அதற்கு எத்தனை பிட் என்று கொடுத்துவிட்டார்கள். 16 போக வேண்டிய இடத்தில் 1024. மெமரியில் 64 மடங்கு தூரம் ஓடி, தனக்குச் சொந்தமில்லாத இடத்தையெல்லாம் கெடுத்தது. வெளியாள் அந்த சர்வரில் தன் நிரலை ஓட்டக்கூட வழி திறக்கலாம் என்று எச்சரித்து, ஜூலை 5-இல் 3.0.5 வெளியிட்டார்கள். அந்தக் கட்டளைகள் இல்லாத கம்ப்யூட்டரில் இந்தப் பிழை இருந்ததற்கான சுவடே தெரியாது. இருக்கும் கம்ப்யூட்டரில் சோதனைகளை ஒழுங்காக ஓட்டியிருந்தால் அவையே தோற்றுக் காட்டிக்கொடுத்திருக்கும் என்று அவர்கள் அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள்.

எந்த வழி என்ற தேர்வே ரகசியத்தைக் கசியவிடவும் கூடும். 2003-இல் ஸ்டான்ஃபோர்டில் ப்ரம்லியும் போனேயும் ஓபன்எஸ்எஸ்எல் ஓடிய சர்வருக்கு நெட்வொர்க் வழியாக லட்சக்கணக்கான கேள்விகள் அனுப்பி, பதில் வர எடுத்த நேரத்தை மட்டும் அளந்து ரகசியச் சாவியை எடுத்துவிட்டார்கள். காரணங்களில் ஒன்று, லைப்ரரியில் இரண்டு பெருக்கல் முறைகள் இருந்தது: இரண்டு எண்களும் சம நீளம் என்றால் வேகமான கரட்சுபா முறை, இல்லாவிட்டால் சாதாரண முறை. எது ஓடியது என்பது நேரத்தில் தெரிந்தது, நேரத்திலிருந்து பகா எண் தெரிந்தது. அதன் பிறகுதான், கணக்குக்கு முன் எண்ணை ஒரு தற்செயல் எண்ணால் கலைத்து, முடிந்ததும் கலைப்பை நீக்கும் பாதுகாப்பை யாரும் கேட்காமலே இயங்கும்படி வைத்தார்கள். சிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், சாவியின் நீளத்தைப் பார்த்தும் தேர்ந்தெடுக்கலாம். ரகசிய எண்ணின் மதிப்பைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்கவே கூடாது.

இவ்வளவு வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆளும் பணமும் வேண்டும். 2014-இல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோது, உலக இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த இந்த லைப்ரரிக்கு முழுநேர ஊழியர் ஒருவர்தான், ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நன்கொடை. அதன் பிறகே பெரிய நிறுவனங்கள் கை கொடுத்தன. இந்தியாவில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023-இல் 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள், நல்லது, எனக்கு மகிழ்ச்சிதான். அதில் ஒரு துளியாவது, இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பழைய சிப், புதிய சிப், டோக்கன் என்று எல்லா வழியிலும் ஓட்டிப் பார்க்கும் சலிப்பான வேலைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் கல்லூரி மாணவர்களால் நன்றாகச் செய்ய முடிந்த வேலை அது.

ஆர்எஸ்ஏவுக்குப் பின் வருவதிலும் இந்தப் பிரச்சினை தொடர்கிறது. குவாண்டம் கம்ப்யூட்டரையும் தாங்கும் என்று 2024-இல் தரப்படுத்தப்பட்ட எம்எல்-கெம் முறை, கைபர் என்ற பெயரில் இருந்தபோதே அதன் மாதிரி நிரலில் ஒரு கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. ரகசிய எண்ணை 3329-ஆல் வகுக்கும் ஒரு வரி. பெரும்பாலும் கம்பைலர் (நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) அந்த வகுத்தலைப் பெருக்கலாக மாற்றிவிடும், அதற்கு எப்போதும் ஒரே நேரம். ஆனால் ஃபைல் சிறியதாக வேண்டும் என்று கேட்டுக் கம்பைல் செய்தால் அது நிஜமான வகுத்தல் கட்டளையையே போட்டுவிடக்கூடும், சில சிப்களில் எண்ணுக்கு ஏற்ப அதன் நேரம் மாறும். நிரல் எழுதியவர் இரண்டு வழி வைக்கவே இல்லை, கம்பைலர் வைத்துவிட்டது. திருத்தம் எளிமையானது: வகுத்தலை எடுத்துவிட்டு, பெருக்கலும் பிட் நகர்த்தலுமாகத் தாங்களே எழுதிவிட்டார்கள்.