உங்கள் கருத்தைக் கேட்கவில்லை: கிளாட் தேர்வின் லாஜிக்கல் ரீசனிங் பற்றி

சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாக வந்து சேருபவர்களின் பையில் பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ வங்கித் தேர்வுக்குப் படித்த ஒரு ரீசனிங் புத்தகம் இருக்கும். வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு வலப்பக்கம் யார்? வடக்கே ஐந்து கிலோமீட்டர் நடந்து வலது பக்கம் திரும்பினால் எந்தத் திசை? இதையே மாதக்கணக்கில் போட்டுப் பழகியிருப்பார்கள்.

அந்தப் புதிர்கள் வரவே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2020 முதல் கிளாட்டின் அமைப்பு மாறிவிட்டது. தேர்வை நடத்தும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு தருகிற பாடத்திட்டத்தைப் படித்தால், லாஜிக்கல் ரீசனிங் என்பது சுமார் 450 வார்த்தைகள் கொண்ட பத்திகள். பத்தியில் இருக்கும் வாதத்தின் முடிவு எது, எந்த ஆதாரத்தின் மேல் அது நிற்கிறது, எதைச் சொன்னால் ஆட்டம் காணும், அதிலிருந்து வேறு என்ன தேறும் என்று கேட்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். அதில் இந்தப் பகுதிக்கு 22 முதல் 26 வரை. பெங்களூரு நேஷனல் லா ஸ்கூலுக்குப் போனாலும் திருச்சியில் இருக்கும் நம் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சரி, பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? ஆங்கிலத்தில் என்பார்கள் பெற்றோர். தேர்வு முழுக்க ஆங்கிலம் என்பதால் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நான் பார்த்தவரை பெரிய குழி வேறு இடத்தில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த ஒரு மாணவி நன்றாகவே வாசிப்பாள். முதல் பயிற்சித் தாளில் ஐந்தில் நான்கு தப்பு. ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டேன். “இதுதானே சார் உண்மை” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். அவள் குறித்த நான்குமே உண்மையான வாக்கியங்கள். கேட்ட கேள்விக்கு விடைதான் அவற்றில் இல்லை.

அன்று கரும்பலகையில் இப்படி ஒரு வாதத்தை எழுதினேன். ஓர் ஊரில் கிளை நூலகத்தை இரவு 9 மணி வரை திறந்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு அந்த ஊர்ப் பள்ளியில் பிளஸ் டூ தேர்ச்சி கூடியது. ஆகவே பக்கத்து ஊர்களிலும் நூலகத்தை இரவு வரை திறந்தால் அங்கும் தேர்ச்சி கூடும். இந்த வாதம் சொல்லாமலே நம்பியிருப்பது எது? வாசிப்புப் பழக்கம் மாணவர்களின் வாழ்க்கையை உயர்த்தும் என்று ஒரு விடை. நூலகம் இல்லாத ஊர்களில் தேர்ச்சி குறைவாகவே இருக்கும் என்று இன்னொன்று. பிளஸ் டூ மாணவர்களில் சிலராவது இரவில் அந்த நூலகத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது மூன்றாவது. வகுப்பில் பாதிக் கைகள் முதல் விடைக்குத்தான் உயர்ந்தன. வாசிப்பு நல்லது என்று சிறுவயதிலிருந்து சொல்லித்தானே வளர்த்திருக்கிறோம்!

இங்கேதான் மறுத்துப் பார்க்கும் முறை உதவும். ஒவ்வொரு விடையையும் தலைகீழாக்குங்கள். வாசிப்பு வாழ்க்கையை உயர்த்தாது என்றே வைத்துக்கொள்வோம். தேர்ச்சி கூடும் என்ற வாதம் அப்படியே நிற்கும், ஏனென்றால் அது வாழ்க்கையைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டாவதை மறுத்தாலும் நிற்கும். மூன்றாவதை மறுத்துப் பாருங்கள். ஒரு பிளஸ் டூ மாணவர்கூட இரவில் அங்கே போகவில்லை என்றால், தேர்ச்சி கூடியதற்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம்? வாதம் சரிந்துவிடும். எதை உருவினால் வாதம் விழுகிறதோ, அதுதான் அது நம்பியிருந்த தூண்.

அதே வாதத்தை பலவீனமாக்குவது எது என்று கேட்டால்? இரவில் திறந்து வைத்தால் மின்கட்டணம் கூடும் என்ற விடை பலரை இழுக்கும். அது திட்டத்துக்கு எதிரான நல்ல காரணம்தான். ஆனால் செலவு கூடுவதால் தேர்ச்சி குறையப்போவதில்லை. அதே ஆண்டு, நெடுநாள் காலியாகக் கிடந்த கணக்கு, இயற்பியல் ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட்டன என்ற விடை இருந்தால், அடி அங்கே விழுகிறது. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததாலேயே முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று காட்டும் வாதம் அடிக்கடி வரும். வேறு காரணம் இருந்திருக்குமா என்று தேடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சின்னச் சொற்களும் ஏமாற்றும். ‘சம்’ (some) என்று ஆங்கிலத்தில் வந்தால் நாம் ‘சிலர்தான், எல்லாரும் இல்லை’ என்று படித்துவிடுகிறோம். லாஜிக்கில் அது ‘ஒருவராவது’, எல்லாருமாகக்கூட இருக்கலாம். ‘அன்லெஸ்’ (unless) வந்தால் திணறும் பிள்ளைகளிடம் தமிழில் நினைக்கச் சொல்வேன். ‘படித்தாலொழிய தேற முடியாது’ என்றால் படித்தவன் கட்டாயம் தேறுவான் என்று அர்த்தமா? இல்லை என்று உடனே சொல்லிவிடுவார்கள். கிளாட் எழுதப் பொதுப் பிரிவினருக்குப் பிளஸ் டூவில் 45 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. அந்த 45 இருந்தால் சீட் கிடைத்துவிடுமா? தேவையான நிபந்தனையும் போதுமான நிபந்தனையும் வேறு வேறு என்பது அவர்கள் வாழ்க்கையிலேயே இருக்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் வாதத்தை முதலில் தமிழில் இரண்டு வரியில் சொல்லிப் பார்ப்பதை நான் தடுப்பதே இல்லை. நேரம் வீணாகும் என்று சிலர் சொல்வார்கள். தொடக்கத்தில் ஆகும்தான். ஆனால் இரண்டு வரியில் சொல்ல வராத வாதத்தைப் பற்றி ஐந்து கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் ஊகித்துக் குறிப்பதில்தான் முடியும்.

மதிப்பெண் கணக்கையும் ஒரு முறை நிதானமாகப் போட்டுப் பாருங்கள். சரியான விடைக்கு 1, தவறுக்கு 0.25 குறையும், விட்டுவிட்டால் எதுவும் இல்லை. கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக நீக்கிவிட்டால், மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக லாபம்தான். பயந்து விட்டுவிடாதீர்கள். எதையுமே நீக்க முடியாத கேள்வியில் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். அதில் மூன்று நிமிடம் உட்காருவதுதான் நஷ்டம்.

அந்த மாணவிக்கு நான் கொடுத்த பயிற்சி ஒன்றுதான். தினமும் நாளிதழின் தலையங்கப் பக்கத்தில் அவளுக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லும் ஒரு கட்டுரையை எடுக்க வேண்டும். எழுதியவரே படித்தாலும் “ஆமாம், இதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்ளும்படி அவருடைய வாதத்தை ஒரு நோட்டில் எழுத வேண்டும். மறுப்பு எழுதக் கூடாது. முதல் வாரம் கோபத்தோடு வந்தாள். “தப்பாப் பேசுறவங்களுக்கு நான் ஏன் சார் எழுதணும்?” என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்கிறார் என்றே பிடிபடாமல் கோர்ட்டில் எழுந்து நின்று என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டேன்.

தப்பான விடைகளுக்கும் அதே நோட்டின் பின்பக்கத்தில் இடம் ஒதுக்கினோம். சரியான விடை எது என்று அங்கே எழுதுவதில்லை. தப்பான விடை தன்னை எதைக் காட்டி இழுத்தது என்று மட்டும் எழுதுவாள். முதல் மாதப் பக்கங்களில் ‘இது உண்மை, ஆனால் பத்தியில் இல்லை’ என்ற வரி திரும்பத் திரும்ப இருக்கிறது. அக்டோபரில் அந்த வரி அரிதாகி, ‘சிலர் என்பதை எல்லாரும் என்று படித்தேன்’, ‘முடிவை விட்டுவிட்டு ஆதாரத்தைத் தாக்கினேன்’ என்று வேறு வரிகள் வரத் தொடங்கின.

டிசம்பரில் தேர்வு முடிந்து வெளியே வந்தவள் முதலில் சொன்னது மதிப்பெண்ணைப் பற்றி அல்ல. “ஒரு பத்தி எனக்குச் சுத்தமாப் பிடிக்கல சார். அதுல எல்லாமே போட்டுட்டேன்.”