லயம்: வாடகை கேட்காத வீடு

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுதான் லயம். லயன் என்றும் சொல்வார்கள். ஒரே கூரை, ஒட்டிய சுவர்கள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அந்த அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முதுகோடு முதுகாக இரு பக்கமும் அறைகள் ஓடினால் அது இரட்டை லயம். பின்சுவரில் ஜன்னல் வைக்க வழியே கிடையாது.

இசையின் லயத்துக்கும் இதற்கும் உறவில்லை. குதிரை லாயத்திலிருந்து வந்தது என்று கோபத்தோடு சொல்பவர்கள் உண்டு. கோபம் நியாயமானது, சொற்பிறப்பு அப்படியில்லை. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் 'கூலி லைன்ஸ்' என்றார்கள். அது தொழிலாளர் வாயில் லயன் ஆகி, லயம் என்று தமிழ் ஈறும் பெற்றது. உள்ளறை காம்பரா, போர்த்துக்கேயச் சொல். முன் தாழ்வாரம் இஸ்தோப்பு, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) விட்டுப்போனது. இலங்கையை ஆண்ட மூவரும் இந்தச் சின்ன வீட்டுக்குள் சொல்லாக மிஞ்சியிருக்கிறார்கள்.

லயத்துக்கு வாடகை கிடையாது. வாடகையை மட்டும் வைத்து அளந்தால் இதைவிட மலிவான வீடு ஏது? ஆனால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும். பேரை வெட்டிவிட்டால் கூரைக்கும் ஆபத்து. பிள்ளை படித்து வெளியே போக நினைத்தாலும் வீட்டுக்காக யாராவது கொழுந்துக் கூடையைத் தூக்கியே ஆக வேண்டும். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இல்லை, எனவே அதை ஈடு வைத்து வங்கியில் கடன் கேட்க முடியாது. முழுத் தோட்டத்துக்கும் ஒரே முகவரி. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்குப் போகும், நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்பு கைக்கு வருவதும் உண்டு. அடுப்புப் புகை, ஈரச்சுவர், பொதுக் கழிவறை வேறு. ஒரு காம்பராவில் தொடங்கிய இருமல் லயம் முழுக்கச் சுற்றும். மண்சரிவு அபாயம் தனி. 2014 அக்டோபரில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின.

தமிழில் வரிசை வீடு, தொடர் வீடு என்று எழுதுகிறார்கள். கட்டட அமைப்பைச் சொல்ல அவை போதும், இன்று நகரத்தில் விற்பனைக்குக் கட்டும் வீடுகளுக்கும் பொருந்தும். லயத்தில் அடங்கிய 'தோட்டத்துக்குச் சொந்தம்' என்ற பொருள் அவற்றில் இல்லை. அதனால் மலையகத்தைப் பற்றி எழுதும்போது லயம் என்றே எழுதலாம் என்பது என் கருத்து.

எதிர்ச்சொல்லை மலையக மக்களே வைத்திருக்கிறார்கள்: தனிவீடு. 7 பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணி, உறுதிப்பத்திரம், தனி வாசல். இந்திய உதவியில் முதலில் 4,000 தனிவீடுகளுக்குத் திட்டம் வந்தது. 2017 மே மாதம் மலையகத்து நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்துக்கு மாற்றாக வந்த மாடி வீட்டுத் திட்டத்தைப் பலர் ஏற்கவில்லை. அறை பெரிதானால் என்ன, காலடியில் சொந்த மண் இல்லையே என்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மாடி லயம்'.