ஒரு கர்ப்பப்பை, இரண்டு நரம்புப் பாதைகள்

“கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், பொறுத்துக்கோம்மா.” கருத்தடைக்காகக் காப்பர் டி வைத்துக்கொள்ளவோ, கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து பயாப்சிக்குத் திசு கொடுக்கவோ போன பெண்கள் பலருக்குப் பழகிய வசனம் இது. சிலருக்கு உண்மையிலேயே சுருக்கென்றுதான் இருக்கிறது. வேறு சிலருக்கு வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஒரே கருவி, ஒரே ஐந்து நிமிட வேலை. ஏன் இப்படி?

கர்ப்பப்பை வாய்க்கு உணர்ச்சியே கிடையாது என்று நெடுங்காலம் ஒரு நம்பிக்கை இருந்தது. பெண்களின் பாலியல் நடத்தை பற்றி அமெரிக்காவில் 1953இல் வெளியான கின்சி அறிக்கைக்காகச் சோதித்தபோது, அந்த இடத்தை மெல்லத் தொட்டது பெரும்பாலான பெண்களுக்குத் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது, அங்கே சோதித்தது மென்மையான தொடுதலைத்தான். உள்ளுறுப்புகளின் நரம்புகள் தோலில் இருப்பவை போல வேலை செய்வதில்லை. தொட்டால் சும்மா இருக்கும். இழுத்தால், விரித்தால், தசை இறுகினால் கத்தும். இந்தச் சிகிச்சைகளில் நடப்பதோ சரியாக அந்த மூன்றும்தான். டெனாகுலம் என்ற இடுக்கி கர்ப்பப்பை வாயைப் பிடித்து இழுக்கிறது, கருவி உள்ளே போகும்போது வாய் விரிகிறது, சீண்டப்பட்ட கர்ப்பப்பை சுருங்குகிறது.

அந்த வலி மூளைக்குப் போகும் வழியும் ஒன்றல்ல. வாய்ப் பகுதியின் சேதி பெரும்பாலும் முதுகுத்தண்டின் அடியில், திருவெலும்புப் பகுதியின் 2 முதல் 4ஆவது நரம்புகள் வழியாக ஏறுகிறது. கர்ப்பப்பையின் மேல்பகுதியின் சேதியோ அதற்கு வெகு மேலே, 10ஆவது மார்பு நரம்பை ஒட்டிய மட்டத்தில் போய்ச் சேர்கிறது. அடிவயிறு, இடுப்பு, தொடை என்று வலி எங்கெங்கோ தெரிவது இதனால்தான். அந்த நரம்புகளோடு அதே தண்டுவட மட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடங்கள் அவை.

சரி, மரத்துப்போகும் ஊசி? கர்ப்பப்பை வாயின் இரு பக்கமும் லிக்னோகெய்ன் போடுவார்கள். சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் 1943இல் உருவாக்கிய மருந்து. நரம்பில் சேதி ஓடுவது என்பது சோடியம் அயனிகள் சின்னச் சின்ன வாசல்கள் வழியாக உள்ளே பாய்வது. லிக்னோகெய்ன் நரம்பின் சவ்வைக் கடந்து உள்ளே போய், அந்த வாசல்களை உட்பக்கத்திலிருந்து அடைத்துவிடுகிறது. வழக்கமான அளவு 1 சதவீதக் கரைசலில் 20 மில்லி வரை, அதாவது 200 மில்லிகிராம். அளவு மீறினாலோ, தவறி ரத்தக்குழாய்க்குள் போனாலோ, நாக்கில் உலோகச் சுவையும் காதில் ரீங்காரமும் வரும். உடனே சொல்லிவிட வேண்டும். வாய்ப் பகுதிக்கு இந்த ஊசி நல்ல துணை. ஆனால் மேல்பகுதி நரம்புகளில் ஒரு பங்கு சினைப்பையின் ரத்தக்குழாய்களை ஒட்டி வேறு வழியாகப் போய்விடுகிறது. ஊசி அங்கே எட்டாது. ‘ஊசி போட்டும் உள்ளே பிசைந்தது’ என்று ஒரு பெண் சொன்னால் அது கற்பனையல்ல, உடற்கூறு.

அந்தப் பிசைவுக்குப் பின்னால் இருப்பது புரோஸ்டாகிளாண்டின். மாதவிலக்கு வலியைக் கிளப்பும் அதே வேதிப்பொருள். இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன; ஏற்கெனவே உருவாகிவிட்டதை அழிப்பதில்லை. அதனால் மேசையில் ஏறும்போது விழுங்கிப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பாவது போட வேண்டும். அப்படிப் போட்டாலும், காப்பர் டி உள்ளே போகும் அந்தக் கணத்து வலியை இபுப்ரோஃபென் பெரிதாகக் குறைப்பதில்லை. அப்புறம் வரும் பிசைவுக்குத்தான் அது கைகொடுக்கும்.

மயக்கம் தனிக் கதை. கர்ப்பப்பை வாய் விரியும்போது, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயம் மெதுவாகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. மனத்திடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொஞ்ச நேரம் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனக்குப் பிடித்த முன்னேற்றம் ஒரு மருந்தே அல்ல. கர்ப்பப்பைக்குள் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபியில் இப்போது 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய்கள் வந்துவிட்டன. யோனியை விரிக்கும் கருவியும் இல்லாமல், இடுக்கியும் இல்லாமல், நீரைச் செலுத்தி, அந்த நீர் திறக்கும் வழியிலேயே குழாயை மெல்ல நகர்த்துகிறார்கள்.

மருத்துவர்கள் தரும் வலி மதிப்பெண் நோயாளி தருவதைவிடக் குறைவாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், காப்பர் டி வைப்பதற்கு முன்பே வலியைக் குறைக்கும் வழிகளைப் பற்றி ஒவ்வொரு பெண்ணிடமும் பேசச் சொல்லியிருக்கிறது. அந்தப் பேச்சில், ‘நிறுத்துங்கள்’ என்றால் நிறுத்துவீர்களா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.